ஷேக் சபா அல்-அஹ்மத்: சமரசப் பேச்சையே நாட்டின் அரணாகக் கொண்ட குவைத் அமீர்

குவைத்தின் அமீராக, அதாவது ஆட்சியாளராக, இருந்து 2020இல் மறைந்த ஷேக் சபா அல்-அஹ்மத் அல்-ஜாபிர் அல்-சபாவை அரபு ராஜதந்திரிகளில் மூத்தவர் என்று ஏன் போற்றுகிறார்கள், அது அரச குடும்பத்தாருக்கு வழக்கமாகக் கிடைக்கும் புகழ்ச்சிதானா, அவர் உண்மையில் செய்தவை என்ன, உள்நாட்டில் அவருடைய ஆட்சி எப்படி இருந்தது, அவருக்குப் பிறகு குவைத் அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொண்டதா என்பவை உங்கள் கேள்விகள். வளைகுடா அரசியலை நெடுங்காலமாகக் கவனித்துவருபவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கிடைத்த புகழ் பெரும்பாலும் தகுதியானதே. ஆனால் அவருடைய சமரசப் பணியை நல்ல மனம் படைத்த ஓர் அரசரின் தொண்டு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். குவைத்தின் பரப்பளவு சுமார் 17,800 சதுர கிலோமீட்டர். வடக்கிலும் மேற்கிலும் ஈராக், தெற்கில் சவூதி அரேபியா, கடலுக்கு அக்கரையில் ஈரான். இந்த மூன்றில் எந்த ஒன்றையும் படைபலத்தால் தடுத்து நிறுத்த அந்த நாட்டால் முடியாது. அக்கம்பக்கத்தார் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டால் முதலில் நசுங்குவது தாங்கள்தான் என்பதை ஷேக் சபா தம் 32ஆம் வயதிலேயே கண்ணால் கண்டார். அடுத்த 60 ஆண்டுகள் அவர் செய்த காரியங்கள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவர் பிறந்தது 1929 ஜூன் 16. தந்தை ஷேக் அஹ்மத் அல்-ஜாபிர் 1921 முதல் 1950 வரை குவைத்தை ஆண்டவர். பையன் வளர்ந்த காலத்தில் குவைத் செல்வச் செழிப்பான நாடு அல்ல. ஜப்பானியரின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து முத்துக்குளிப்பை நம்பியிருந்த ஊரைச் சாய்த்துவிட்டிருந்தன. புர்கானில் எண்ணெய் கிடைத்தது 1938இல். முதல் கப்பல் எண்ணெயோடு புறப்பட்டது 1946இல். அப்போது அவருக்கு 17 வயது. வறுமையையும் திடீர்ப் பணத்தையும் ஒரே தலைமுறையில் பார்த்தவர் என்பதால், பணம் நிலையானது என்ற நினைப்பு அவருக்கு எளிதில் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். முபாரகியா பள்ளியில் படித்தார். பிறகு வீட்டிலேயே ஆசிரியர்களிடம் பாடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

அரசுப் பணியில் அவர் நுழைந்த வாசல் வெளியுறவுத் துறை அல்ல. 1954இல் அரசுத் துறைகளைச் சீரமைக்க அமைக்கப்பட்ட உயர்நிலைச் செயற்குழுவில் உறுப்பினர்; அடுத்த ஆண்டு சமூக நலம் மற்றும் தொழிலாளர் துறையின் தலைவர்; 1957இல் அச்சு மற்றும் வெளியீட்டுத் துறையும் அவர் கைக்கு வந்தது. அந்தத் துறையிலிருந்துதான் 1958 டிசம்பரில் ‘அல்-அரபி’ மாத இதழ் வெளிவந்தது. எகிப்திய அறிஞர் அஹ்மத் ஸகி அதன் முதல் ஆசிரியர். அரபு உலகம் முழுவதும் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிப் படித்த இதழ் அது. அப்போது குவைத் இன்னும் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த ஒரு சிறு ஷேக் ஆட்சிப் பகுதிதான். தனிநாடாகும் முன்பே அந்தச் சிற்றரசின் பெயரை மொராக்கோ முதல் ஈராக் வரையிலான வாசகர் வீட்டுக்குள் கொண்டுசேர்த்த அந்த இதழை, அவருடைய ராஜதந்திரத்தின் முதல் காரியமாகவே நான் வைப்பேன்.

1961 ஜூன் 19 அன்று பிரிட்டனுடனான பழைய ஒப்பந்தம் முடிவுக்கு வந்து குவைத் சுதந்திர நாடானது. ஆறு நாள்கூட நிம்மதியாகக் கழியவில்லை. ஜூன் 25 அன்று ஈராக்கின் ஆட்சியாளர் அப்துல் கரீம் காசிம், குவைத் ஈராக்கின் பகுதியே என்று உரிமை கோரினார். ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் படைகள் குவைத்தில் வந்து இறங்கின. விடைபெற்ற பிரிட்டனையே மறுபடியும் கூப்பிட வேண்டியிருந்தது, அதுவும் அரபு தேசியம் உச்சத்தில் இருந்த நாட்களில். அந்தச் சங்கடத்திலிருந்து வெளிவர குவைத் அரபு லீகை நாடியது. ஜூலை 20 அன்று லீக் குவைத்தை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. செப்டம்பரிலிருந்து அரபுப் படை ஒன்று வந்து பிரிட்டிஷ் படையின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் ஐ.நா.வின் கதவு திறக்கவில்லை. நவம்பரில் பாதுகாப்புச் சபையில் சோவியத் யூனியன் தன் வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்திக் குவைத்தின் விண்ணப்பத்தைத் தடுத்துவிட்டது.

1962இல் அமைந்த முதல் அமைச்சரவையில் ஷேக் சபா தகவல் துறையை வகித்தார். 1963 ஜனவரி 28 அன்று வெளியுறவு அமைச்சரானார். அடுத்த சில வாரங்களில் பாக்தாதில் காசிம் கவிழ்க்கப்பட்டார். அந்த வாய்ப்பைக் குவைத் நழுவவிடவில்லை. மார்ச்சில் சோவியத் யூனியனுடனேயே தூதரக உறவு தொடங்கியது. மே 14 அன்று ஐ.நா.வின் 111ஆவது உறுப்பு நாடாகக் குவைத் சேர்ந்தது. நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன் தம் நாட்டுக் கொடியை ஏற்றியவர் ஷேக் சபாதான். அக்டோபர் 4 அன்று ஈராக்கும் குவைத்தின் சுதந்திரத்தை ஏற்று ஒப்பமிட்டது. வீட்டோ போட்ட வல்லரசோடு கை குலுக்கி, உரிமை கோரிய அண்டை நாட்டிடமிருந்து கையெழுத்தும் வாங்கிய அந்தச் சில மாதங்களில் அவர் கற்றவற்றைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. யாரோடும் பேச்சை முறிக்கக் கூடாது. எந்த ஒரு வல்லரசின் வீட்டுப் பிள்ளையாகவும் ஆகிவிடக் கூடாது. எழுத்தில் வாங்கக்கூடியதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வளைகுடாவின் மற்ற மன்னராட்சிகள் மாஸ்கோவோடு தூதரக உறவு வைத்துக்கொள்ளாத காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த முடிவின் துணிச்சல் விளங்கும்.

இந்த வழிமுறையோடு பணமும் சேர்ந்துகொண்டது. அரபு நாடுகளின் வளர்ச்சிக்குக் கடன் கொடுக்கும் குவைத் நிதியம் 1961 டிசம்பரிலேயே தொடங்கப்பட்டது. சுதந்திரம் பெற்று ஆறு மாதம் ஆகாத நாடு, எல்லைக் காவலைக்கூடப் பிறரிடம் ஒப்படைத்திருந்த நாடு, அண்டை அயலாருக்கு அணை கட்டவும் ரயில் பாதை போடவும் கடன் கொடுக்கத் தொடங்கியது வேடிக்கையாகத் தோன்றலாம். நாளை ஐ.நா.வில் வாக்கெடுப்பு வந்தால் நமக்காகக் கை உயர்த்த நாலு பேர் வேண்டும் என்ற தெளிவான கணக்கு அதில் இருந்தது. அந்த நாள் 1990இல் வந்தது.

அவர் வெளியுறவு அமைச்சராக இருந்த காலத்தின் சமரசங்களில் தெற்காசியருக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. அதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 1974 பிப்ரவரியில் லாகூரில் இஸ்லாமிய உச்சி மாநாடு. வங்கதேசம் பிரிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் பாகிஸ்தான் அதை அங்கீகரிக்கவில்லை; அங்கீகாரம் இல்லாமல் லாகூர் வர மாட்டேன் என்பது ஷேக் முஜிபுர் ரஹ்மானின் நிலை. அப்போது டாக்காவுக்குச் சென்ற தூதுக் குழுவில் முன்னின்றவர் குவைத் வெளியுறவு அமைச்சர் ஷேக் சபா. பிப்ரவரி 22 அன்று பாகிஸ்தான் பிரதமர் பூட்டோ அங்கீகாரத்தை அறிவித்தார். முஜிப் லாகூருக்கு வந்து சேர்ந்தார். இது ஒரு தனிமனிதரின் சாதனை என்று சொல்ல மாட்டேன். பல நாடுகள் சேர்ந்து தள்ளிய தேர் அது. ஆனால் டாக்காவும் இஸ்லாமாபாத்தும் ஒருசேர நம்பக்கூடிய ஆளாகக் குவைத்தின் அமைச்சர் இருந்தார் என்பது தற்செயலானது அல்ல.

வட யமனும் தென் யமனும் 1979இல் போரில் இறங்கியபோது, இரு தரப்புத் தலைவர்களும் மார்ச் மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒப்பந்தம் செய்துகொண்டது குவைத்தில்தான். ஓமானுக்கும் தென் யமனுக்கும் இடையே நீண்ட பகை இருந்தது; 1982இல் குவைத்தும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து அதை ஒரு கொள்கை உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தன. 1989 தொடக்கத்தில் லெபனான் உள்நாட்டுப் போருக்காக அரபு லீக் அமைத்த ஆறு பேர் குழுவுக்கு ஷேக் சபா தலைவர். அந்தக் குழுவால் போரை நிறுத்த முடியவில்லை. ஆனால் சண்டையிட்ட தரப்புகளை ஒவ்வொன்றாக அழைத்துக் கேட்ட அந்த வேலைக்குப் பிறகுதான் அதே ஆண்டு அக்டோபரில், அந்தப் போரை முடிப்பதற்கான தாயிஃப் உடன்பாடு வந்தது. இப்படிப்பட்ட வேலையில் பெயர் பெரும்பாலும் கடைசியில் கையெழுத்து வாங்குபவருக்கே போகும்.

இனி அவருடைய வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்-ஈராக் போரில் குவைத் நடுநிலை பேசிக்கொண்டே ஈராக்குக்குப் பெரும் கடன்களை அள்ளிக் கொடுத்தது. தன் துறைமுகங்களைத் திறந்துவிட்டது. ஈரானியப் புரட்சி தன் கரைக்கும் வந்துவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். அதற்கான விலையையும் கொடுத்தது. 1983 டிசம்பரில் குவைத் நகரில் தொடர் குண்டுவெடிப்பு. 1985 மே மாதத்தில் அமீர் ஷேக் ஜாபிரின் வாகன அணிவகுப்பின் மீது தற்கொலைத் தாக்குதல். அமீர் ஜாபிர், ஷேக் சபாவுக்குத் தந்தை வழியில் சகோதரர்; தாய் வேறு. எண்ணெய்க் கப்பல்களை ஈரான் தாக்கத் தொடங்கியதும், குவைத் வாஷிங்டனையும் மாஸ்கோவையும் ஒரே நேரத்தில் அணுகியது. மாஸ்கோ முந்திவிடக் கூடாது என்ற கவலையில் அமெரிக்கா 1987இல் 11 குவைத் கப்பல்களுக்குத் தன் கொடியைக் கொடுத்துப் பாதுகாப்புக்குப் போர்க்கப்பல்களையும் அனுப்பியது. 1963இல் கற்ற பாடத்தின் நேர்த்தியான செயல்பாடு என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் அதே காலத்தில் ஈராக்கைப் பற்றிய கணிப்பு தவறிவிட்டது. உதவி பெற்ற அண்டை நாடு நன்றியோடு இருக்கும், எல்லைப் பிரச்சினையைப் பேசித் தீர்த்துவிடலாம் என்று குவைத் தலைமை நம்பியது. 1990 ஜூலையில் ஈராக் அரபு லீகுக்குக் கடிதம் எழுதி, குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைச் சரிக்கிறது, எல்லையிலுள்ள ருமைலா எண்ணெய் வயலிலிருந்து திருடுகிறது என்று குற்றம் சாட்டியபோதும், இது பேரம் பேசுவதற்கான மிரட்டல் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். ஜித்தாவில் நடந்த பேச்சு முறிந்த மறுநாள், ஆகஸ்ட் 2 விடியற்காலையில், ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. சில மணி நேரத்தில் நாடே கையைவிட்டுப் போயிற்று. வெளியுறவு அமைச்சராக 27 ஆண்டுகள் கழித்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியாது. அவரைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது நியாயமில்லை.

அதே நேரத்தில், நாட்டை மீட்டதற்கும் அந்த 27 ஆண்டுகளின் பங்கு உண்டு. படையெடுப்பு நடந்த அன்றே பாதுகாப்புச் சபை 660ஆம் தீர்மானத்தை 14 வாக்குகளோடு நிறைவேற்றியது; எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. சோவியத் யூனியன், ஈராக் தன் நெடுநாள் நண்பன் என்றிருந்தும், குவைத்தின் பக்கம் வாக்களித்தது. ஆகஸ்ட் 10 அன்று கெய்ரோவில் கூடிய அரபு உச்சி மாநாட்டில் 12 நாடுகள் படை அனுப்ப ஒப்பின. சவூதி அரேபியாவின் தாயிஃப் நகரிலிருந்து இயங்கிய குவைத் அரசு, நாடு இல்லாத அரசாக ஏழு மாதம் தாக்குப்பிடித்தது. 1991 பிப்ரவரி 26 அன்று குவைத் நகரம் விடுவிக்கப்பட்டது. எரிந்துகொண்டிருந்த 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளில் கடைசிக் கிணறு நவம்பரில்தான் அணைக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் 1991 ஏப்ரலில் அமைந்த அமைச்சரவையில் வெளியுறவுத் துறை அவரிடம் இல்லை. 1992 அக்டோபரில்தான் திரும்பி வந்தார். ‘1963 முதல் 2003 வரை இடைவிடாமல் வெளியுறவு அமைச்சர்’ என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். நடுவில் அந்த ஒன்றரை ஆண்டு இடைவெளி உண்டு. திரும்பி வந்த பிறகு அவர் பிடித்துக்கொண்டது எல்லைக் கோட்டை. ஐ.நா. குழு அளந்து குறித்த எல்லையைப் பாதுகாப்புச் சபை 1993இல் 833ஆம் தீர்மானத்தின் மூலம் உறுதிசெய்தது. 1994 நவம்பரில் ஈராக் அதை எழுத்தில் ஏற்றது. இழப்பீட்டுக்காக ஐ.நா. அமைத்த ஆணையம் ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பங்கு பிடித்து, மொத்தம் சுமார் 5,240 கோடி டாலரை வழங்கி முடிக்க மூன்று பத்தாண்டுகள் ஆயின. குவைத்தை விட்டு ஓட நேர்ந்த இந்திய, இலங்கைத் தொழிலாளர்களுக்கும் அதிலிருந்து இழப்பீடு கிடைத்தது. தனிநபர் கோரிக்கைக்கு 2,500 முதல் 4,000 டாலர் வரை நிலையான தொகை. அன்று அம்மான் வழியாக விமானத்தில் ஊர் திரும்பிய ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் தமிழ்க் குடும்பங்களும் பல இருந்ததால், இதை நம்மவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

இந்தக் காலத்தில் அவர் தலைமையிலான வெளியுறவுத் துறை கடுமையாகவும் நடந்துகொண்டது. ஈராக் அதிபர் சதாம் ஹுசைனுக்குச் சாய்வாக நின்ற ஜோர்டான், யமன், சூடான், பாலஸ்தீன விடுதலை இயக்கம் ஆகியவற்றோடு உறவு நெடுங்காலம் உறைந்துகிடந்தது. ஜோர்டானோடும் யமனோடும் உறவு சீரடைய 1999 ஆயிற்று. பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் 2004 டிசம்பரில் குவைத் வந்து, தங்கள் நிலைப்பாட்டுக்காக மன்னிப்புக் கேட்டார். அந்த இடைவெளியில் குவைத்தில் தலைமுறையாக வாழ்ந்த சுமார் நான்கு லட்சம் பாலஸ்தீனர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் அந்த நாட்டைக் கட்டியவர்கள் அவர்கள். தலைவர்கள் எடுத்த நிலைப்பாட்டுக்குச் சாதாரண மக்கள் கொடுத்த விலை அது, அதைக் கொடுக்க வைத்த அரசில் ஷேக் சபாவும் ஒருவர்.

2003 ஜூலையில் அவர் பிரதமரானார். அதுவரை பட்டத்து இளவரசரே பிரதமராகவும் இருப்பது குவைத் வழக்கம். பட்டத்து இளவரசர் ஷேக் சஅத் உடல்நலம் குன்றியிருந்ததால் இரண்டு பதவிகளும் முதன்முறையாகப் பிரிந்தன. ஷேக் சபாவின் பிரதமர் காலத்தில் நினைவில் நிற்பது பெண்களின் வாக்குரிமை. அமீர் ஜாபிர் 1999இல் ஆணையிட்டும் நாடாளுமன்றம் அதை நிராகரித்திருந்தது. 2005 மே 16 அன்று 35க்கு 23 என்ற வாக்குகளில் அது சட்டமாயிற்று. அடுத்த மாதமே மஸ்ஊமா அல்-முபாரக் முதல் பெண் அமைச்சராக அமைச்சரவையில் அமர்ந்தார். 2009 தேர்தலில் நான்கு பெண்கள் வென்று உள்ளே வந்தார்கள்.

2006 ஜனவரி 15 அன்று அமீர் ஜாபிர் மறைந்தபோது நடந்தது, அரபு மன்னராட்சிகளில் அபூர்வமான காட்சி. பட்டத்துக்கு வந்த ஷேக் சஅத், பதவியேற்பு உறுதிமொழியின் சில வரிகளைச் சொல்லும் நிலையில்கூட இல்லை. அல்-சபா குடும்பத்தில் ஜாபிர் கிளையும் சாலிம் கிளையும் மாறி மாறி ஆள்வது எழுதாத மரபு. சஅத் சாலிம் கிளை, சபா ஜாபிர் கிளை. குடும்பத்துக்குள் பேச்சு இழுத்துக்கொண்டே போக, அரசியல் சட்டமும் 1964ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமும் சொல்லும் வழியில் நாடாளுமன்றம் கூடி, ஜனவரி 24 அன்று உடல்நலக் காரணத்தால் அமீரைப் பதவியிலிருந்து ஒருமனதாக விடுவித்தது. ஷேக் சஅதின் பதவி விலகல் கடிதம் அதற்குப் பிறகே வந்து சேர்ந்தது. ஜனவரி 29 அன்று ஷேக் சபா அமீராக உறுதிமொழி எடுத்தார். படை எதுவும் தெருவுக்கு வரவில்லை. ஒரு மக்கள் மன்றத்தின் வாக்கு அரியணையை முடிவுசெய்தது. அந்த மன்றத்தோடுதான் அடுத்த 14 ஆண்டுகள் அவர் மல்லுக்கட்டினார்.

குவைத் நாடாளுமன்றம் பொம்மை மன்றம் அல்ல. அமைச்சர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் உரிமை அதற்கு உண்டு. ஆளும் குடும்பத்து அமைச்சர்களும் விலக்கல்ல. அரசியல் பேச்சு நாடாளுமன்றத்தோடு நிற்பதும் இல்லை. வீட்டுக்கு வீடு இருக்கும் திவானியா என்ற ஆண்கள் கூடும் அறைகளில், இரவு நேரத்தில் தேநீரும் காப்பியும் சுற்றிவர, அமைச்சரின் ஊழல் முதல் அமீரின் ஆணை வரை அலசப்படும். ரமலான் இரவுகளில் ஆளும் குடும்பத்தாரே பெரிய வீடுகளின் திவானியாக்களுக்குச் சென்று வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டு வருவார்கள். இப்படிப் பழகிய சமூகத்தில், ஷேக் சபா 2006, 2008, 2009, 2011, 2016 என மீண்டும் மீண்டும் மன்றத்தைக் கலைத்தார். 2006இல் தொகுதிகளை 25இலிருந்து 5ஆகக் குறைக்கச் சொல்லி இளைஞர்கள் ஆரஞ்சுக் கொடியோடு தெருவுக்கு வந்து வென்றார்கள். 2011 நவம்பரில் ஊழல் புகார்களால் கொதித்த கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்தது. சில நாட்களில் அமீரின் அண்ணன் மகனான பிரதமர் நாசிர் அல்-முஹம்மத் பதவி விலகினார்.

திருப்பம் 2012 அக்டோபரில் வந்தது. மன்றம் இல்லாத நேரத்தில், ஒரு வாக்காளருக்கு நான்கு வாக்கு என்றிருந்ததை ஒரே வாக்காக மாற்றி அமீர் அவசர ஆணை பிறப்பித்தார். எதிரணிகள் ஒன்றுக்கொன்று வாக்குகளைப் பரிமாறிக்கொள்ளும் வழி அதனால் அடைபட்டது. குவைத் அதுவரை கண்டிராத பெருங்கூட்டங்கள் தெருவில் நடந்தன. எதிரணி தேர்தலைப் புறக்கணித்தது. 2013 ஜூனில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பின் அமீரை விமர்சித்த பேச்சுக்கும் ட்விட்டர் பதிவுக்கும் சிறை, 2014இல் சில எதிரணியினரின் குடியுரிமைப் பறிப்பு, எதிரணித் தலைவர் முஸல்லம் அல்-பர்ராக்குக்கு இரண்டு ஆண்டுச் சிறை என்று நிலைமை இறுகியது. ஷேக் சபாவின் தந்தையே 1938இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்றை அந்த ஆண்டு முடிவதற்குள் கலைத்தவர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. யமனியரையும் லெபனானியரையும் நாட்கணக்கில் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர், தம் நாட்டு எதிரணியோடு அந்தப் பொறுமையைக் காட்டவில்லை என்பது என் குறை. தலைமுறைகளாகக் குவைத்தில் வாழ்ந்தும் குடியுரிமை இல்லாத சுமார் ஒரு லட்சம் பிதூன் மக்களின் பிரச்சினையும் அவர் காலத்தில் தீரவில்லை.

ஆயினும் இரண்டு நிகழ்வுகளைச் சொல்லாவிட்டால் படம் கோணலாகிவிடும். 2015 ஜூன் 26, ரமலான் மாத வெள்ளிக்கிழமை. ஷியாக்களின் இமாம் அல்-சாதிக் பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் தற்கொலைக் குண்டு வெடித்து 27 பேர் இறந்தார்கள். இடிபாடும் ரத்தமும் காயாத இடத்துக்கு, பாதுகாப்பு வளையம் ஒழுங்காக அமைவதற்கு முன்பே, 86 வயது அமீர் வந்து நின்றார். ஆபத்து என்று தடுத்தவர்களிடம் ‘இவர்கள் என் பிள்ளைகள்’ என்றார். சுன்னி அரச குடும்பத்தின் தலைவர் சொன்ன அந்தச் சொல், அக்கம்பக்கத்து நாடுகளில் மதப்பிரிவுப் பகை கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த ஆண்டில், குவைத்தைக் காத்தது என்றே நான் கருதுகிறேன். இறந்தவர்களுக்கான துக்கக் கூட்டம் சுன்னிகளின் பெரிய பள்ளிவாசலில் நடந்தது. இன்னொன்று 2019 நவம்பரில். ராணுவ நிதியில் முறைகேடு என்று பாதுகாப்பு அமைச்சர் குற்றம் சாட்ட, உள்துறை அமைச்சரோடு மோதல் முற்றி அமைச்சரவையே விலகியது. அமீர் இருவரையும் பதவியிலிருந்து நீக்கினார். குற்றம் சாட்டிய பாதுகாப்பு அமைச்சர் ஷேக் நாசிர் அவருடைய மூத்த மகன்.

வெளியுறவில் அவருடைய கடைசிப் பெரும் முயற்சி கத்தார் விவகாரம். 2013 நவம்பரிலேயே கத்தாரின் இளம் அமீர் தமீமை அழைத்துக்கொண்டு ரியாத் சென்று சமரசம் செய்துவைத்தவர் அவர். அது நிலைக்கவில்லை. 2017 ஜூன் 5 அன்று சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை கத்தாரோடு உறவை முறித்து நில, வான், கடல் வழிகளை அடைத்தன. மறுநாளே, நோன்பு மாதத்தில், 88 வயதை நெருங்கியவர் விமானமேறி ஜித்தாவில் மன்னர் சல்மானைக் கண்டார். அடுத்த நாள் துபாய், அன்றே தோஹா. நான்கு நாடுகளின் 13 கோரிக்கைகள் கத்தாருக்குப் போனதும், கத்தாரின் பதில் திரும்பி வந்ததும் குவைத்தின் வழியாகத்தான். செப்டம்பர் 7 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்ப் பக்கத்தில் நின்று, ராணுவ நடவடிக்கையைத் தடுத்துவிட்டதுதான் முக்கியம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நான்கு நாடுகளும் ராணுவ நடவடிக்கை எண்ணமே இருந்ததில்லை என்று மறுத்தன. ஆனால் வாழ்நாள் முழுதும் சொற்களை அளந்து பேசியவர் அந்த வாக்கியத்தைக் காரணமில்லாமல் சொல்லியிருப்பார் என்று நம்புவது கடினம். 1990ஐக் கண்டவரின் பதற்றம் அதில் தெரிந்தது. டிசம்பரில் குவைத் நடத்திய வளைகுடா உச்சி மாநாட்டுக்குச் சவூதி மன்னரும் அமீரக, பஹ்ரைன் தலைவர்களும் வரவில்லை. இரண்டு நாள் கூட்டம் சில மணி நேரத்தில் முடிந்தது. அவமதிப்பாக எடுத்துக்கொண்டு அவர் விலகிவிடவில்லை. கடிதங்களும் தூதர்களும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன.

சிரியாவுக்கான நிவாரணத்தில் அவர் எடுத்த அக்கறையையும் குறிப்பிட வேண்டும். 2013 முதல் மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து ஐ.நா.வின் நிதி திரட்டும் மாநாடுகள் குவைத்தில் நடந்தன. 2013இல் 150 கோடி டாலர், 2014இல் 240 கோடி, 2015இல் 380 கோடி என உறுதிமொழிகள் வந்தன. 2014 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் அவருடைய மனிதநேயத் தலைமைக்காக அவரைக் கௌரவித்தார். தம் நாட்டை அழித்த ஈராக்கின் மறுகட்டமைப்புக்கும் 2018 பிப்ரவரியில் அவரே மாநாடு கூட்டினார். சுமார் 3,000 கோடி டாலர் கடனும் முதலீடுமாக உறுதியளிக்கப்பட்டது. அதற்கு முன் 2012இல் பாக்தாத் அரபு மாநாட்டுக்கு நேரில் சென்று, 1990க்குப் பின் ஈராக் மண்ணை மிதித்த முதல் குவைத் அமீரானார். 2016இல் யமன் தரப்புகள் மூன்று மாதத்துக்கும் மேலாகக் குவைத்தில் உட்கார்ந்து பேசியும் உடன்பாடு வரவில்லை. 2017இல் மரண தண்டனை பெற்றிருந்த 15 இந்தியர்களின் தண்டனையை அவர் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது நம் நாட்டுச் செய்திகளிலும் வந்தது.

2020 ஜூலையில் சிகிச்சைக்காக அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டு, செப்டம்பர் 29 அன்று மினசோட்டா மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் 91ஆம் வயதில் மறைந்தார். பெருந்தொற்றுக் காலமாதலால் அடக்கம் உறவினரோடு எளிமையாக நடந்தது. சகோதரர் ஷேக் நவாஃப் அமீரானார். 2021 ஜனவரி 4 இரவு, சவூதிக்கும் கத்தாருக்கும் இடையே எல்லை திறக்கிறது என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் அறிவித்தவர் குவைத்தின் வெளியுறவு அமைச்சர். மறுநாள் சவூதியின் அல்-உலாவில் கூடிய வளைகுடா உச்சி மாநாட்டுக்கு மறைந்த ஓமான் சுல்தான் காபூஸ் பெயரையும் ஷேக் சபா பெயரையும் சூட்டினார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சமரசம் பேசும் பழக்கம் குவைத்தை விட்டுப் போய்விடவில்லை. 2022 ஜனவரியில் லெபனானுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இடையே முறிவு ஏற்பட்டிருந்தபோது யோசனைகளை எடுத்துக்கொண்டு பெய்ரூத் சென்றது குவைத் வெளியுறவு அமைச்சரே. ஏப்ரலில் தூதர்கள் திரும்பினார்கள். ஆனால் பெரிய பேச்சுகளின் களம் இன்று தோஹாவுக்கும் மஸ்கட்டுக்கும் ரியாத்துக்கும் நகர்ந்துவிட்டது. ஒரு மனிதரின் 60 ஆண்டுப் பழக்கத்தில் நின்ற செல்வாக்கு, அமைச்சகத்தின் சொத்தாக முழுதும் மாறவில்லை என்பது என் எண்ணம். உள்நாட்டில் நிலைமை இன்னும் வேகமாக மாறியது. ஷேக் நவாஃப் 2023 டிசம்பரில் மறைய, அரியணை ஏறிய இன்னொரு சகோதரர் ஷேக் மிஷ்அல், 2024 மே 10 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்து, நான்கு ஆண்டுகள்வரை அது இல்லாமலே ஆட்சி நடக்கும் என்று அறிவித்தார். அதன் பின் குடியுரிமையை இழந்தவர்களின் எண்ணிக்கை பல்லாயிரத்தைத் தொட்டுவிட்டது. ஷேக் சபா மன்றத்தை எத்தனை முறை கலைத்தாலும் அடுத்த தேர்தலை அறிவிக்காமல் விட்டதில்லை.